விரலின் நடை

வீட்டுக்குத் திறவுகோல் எப்படியோ, கணிப்பொறிக்குக் கடவுச்சொல் அப்படி. ஆனால் பூட்டுக்கு ஒரு குறை உண்டு. திறந்தவர் யார் என்று அது கேட்பதில்லை. திறந்த பின் உள்ளே ஆள் மாறினாலும் அறிவதில்லை. இக்குறையைத் தீர்க்க எழுந்ததே, பயன்படுத்துவோரை அவர்தம் பழக்கத்தால் இடைவிடாது அறியும் முறை.

கருத்து புதிதன்று. இரண்டாம் உலகப் போரில் பகைவரின் கம்பியில்லாத் தந்தியை ஒற்றுக்கேட்டவர்கள், மோர்ஸ் ஒலியின் தாளத்தைக் கொண்டே அனுப்புபவர் இன்னார் என்று அறிந்தனர். செய்தி விளங்காவிடினும் கை விளங்கிற்று! 1980-இல் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தார் ஏழு தட்டச்சாளரை ஆராய்ந்து, அடுத்தடுத்த எழுத்துகளுக்கு இடைப்பட்ட நேரம் ஆளுக்கு ஆள் வேறுபடுவதைக் கண்டனர். இன்று கணிப்பொறி, ஒரு விசை அழுந்தி நிற்கும் நேரத்தையும், விரல் அடுத்த விசைக்குச் செல்லும் நேரத்தையும் மில்லி செகண்டுக் கணக்கில் அளக்கிறது. சுட்டெலியின் போக்கையும் குறித்துக்கொள்கிறது. பழைய அளவோடு இவை பெரிதும் மாறுபட்டால், மீண்டும் கடவுச்சொல்லைக் கேட்கும்.

ஆயினும், விரலில் காயம் பட்டால் நடை மாறும், உரியவரே அயலாராகிவிடுவார். களவுபோன கடவுச்சொல்லை மாற்றலாம். பழக்கத்தை எங்ஙனம் மாற்றுவது? மேலும், திருடனைத் தேடும் கண் உரியவரையும் நாள் முழுதும் நோக்குகிறது. ஆகவே, அவ்வளவுகள் எங்கே சேர்கின்றன, அவற்றை யார் காண்கின்றனர் என்று கேட்டறியும் உரிமை நமக்கு வேண்டும் என்பேன் நான். வேலி இட்டவர்கள், அது பயிரை மேயாமலும் பார்த்துக்கொள்ள வேண்டுமன்றோ?