கல்லும் குழவியும்

தமிழ்நாட்டு இல்லங்கள் பலவற்றில் பொழுது விடிந்ததும் அடுக்களையில் ஆவி எழுகின்றது. இட்டலிக் கொப்பரையின் மூடியைத் திறந்தால் வெண்ணிற இட்டலிகள் பஞ்சுபோல் உப்பி நிற்கும். அவற்றைத் தட்டிலிட்டுச் சட்டினியோ சாம்பாரோ சேர்த்து உண்பதற்குக் கால் மணி நேரம் போதும். ஆயினும் அவ்வுணவு தட்டிற்கு வந்து சேர ஏறத்தாழ ஒரு நாள் ஆகின்றது. முதல் நாள் நண்பகலில் அரிசியும் உளுந்தும் நீரில் ஊறத் தொடங்கும், மாலையில் மாவாகும், இரவெல்லாம் அம்மாவு புளிக்கும், மறுநாட் காலையில் வேகும். ஊறுதலையும் புளித்தலையும் இயற்கையே பார்த்துக்கொள்ளும். வேகவைத்தலை நெருப்புப் பார்த்துக்கொள்ளும். இடையிலுள்ள ஒரு வேலைதான் மனிதரின் தோள் வலிமையை வேண்டி நின்றது. அது மாவாட்டும் வேலை.

இட்டலி மிகப் பழைய உணவு. கி. பி. பத்தாம் நூற்றாண்டில் கன்னட மொழியில் எழுந்த ‘வட்டாராதனை’ என்னும் நூலில் ‘இட்டலிகெ’ என்ற பெயர் காணப்படுகின்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய ‘மானசோல்லாசம்’ என்னும் வடமொழி நூலும் இவ்வுணவைக் கூறுகின்றது. ஆனால் அங்குக் கூறப்படுவது உளுந்தால் மட்டும் செய்யப்பட்டது. அரிசியும் உளுந்தும் கூடிய இக்கால இட்டலி பின்னர் வந்தது. எக்காலத்து இட்டலியாயினும் ஊறிய உளுந்தை மசித்தே ஆகவேண்டும். அதற்குக் கல் வேண்டும்.

நம் முன்னோர் கல்லை ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு வடிவில் அமைத்துக்கொண்டனர். மொழியும் அதற்கேற்ப வேறுவேறு சொற்களை வழங்கிற்று. அம்மியில் அரைப்பர்; உரலில் குத்துவர், இடிப்பர்; திரிகையில் திரிப்பர்; ஆட்டுக்கல்லில் ஆட்டுவர். சமையற் கட்டிலே நின்று கேட்டால் அகராதி வேண்டுவதில்லை. வினைச்சொல்லைக் கேட்ட அளவிலேயே எந்தக் கல் என்பது விளங்கிவிடும்.

ஆட்டுக்கல் என்பது நடுவே குழியுடைய கனத்த கருங்கல். அக்குழிக்குள் குழவி என்னும் நீண்ட கல் நிற்கும். ஆட்டுபவர் கல்லின் அருகே அமர்ந்து, ஒரு கையால் குழவியின் தலையைப் பற்றிக் குழியின் சுவரை ஒட்டிச் சுழற்றுவார். மாவு ஓரங்களில் ஏறிக்கொண்டே இருக்கும். அதை மற்றொரு கையால் குழிக்குள் தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும். தள்ளும் விரல் சற்றே தாமதித்தால் குழவியின் அடியில் அகப்பட்டு நசுங்கும். இரு கைகளும் இவ்வாறு ஒன்றற்கொன்று இடங்கொடுத்து இயங்குவது எளிதில் வாய்ப்பதன்று, பழகியவர்க்கே வரும்.

உளுந்தையும் அரிசியையும் சேர்த்து ஆட்டுவதில்லை. உளுந்தை முதலில் இட்டு, சிறிது சிறிதாகக் குளிர்ந்த நீர் தெளித்து, நுரைத்துப் பொங்கும்வரை ஆட்டவேண்டும். ஒரு சொட்டு மாவைக் கிண்ணத்து நீரில் இட்டுப் பார்ப்பர். மிதந்தால் பதம், மூழ்கினால் இன்னும் ஆட்டவேண்டும். உளுந்து மாவுக்குள் காற்று எவ்வளவு புகுந்துள்ளது என்பதை இச்சிறு சோதனை காட்டிவிடும். பின்னர் அரிசியை இட்டு, நொய்போன்ற மென்மையான பருக்கைகள் விரலில் படும் அளவிலே நிறுத்தவேண்டும். மிகுதியாக மசிந்தால் இட்டலி களியாகும். ஒரு பங்கு உளுந்துக்கு மூன்று அல்லது நான்கு பங்கு அரிசி என்பது பொது வழக்கு. குடும்பம் பெரிதானால் இவ்வேலை இரண்டு மணி நேரத்தையும் விழுங்கும்.

இவ்வுழைப்பு யாருடையது? வீடுகளில் அது பெண்களுடையது. தாய் குழவியைச் சுற்ற, பள்ளியிலிருந்து திரும்பிய மகள் எதிரே அமர்ந்து மாவைத் தள்ளுவாள். மகனை அவ்வேலைக்கு அழைப்போர் அரியர். அவன் விளையாடச் சென்றிருப்பான். அது நேர்மையான பங்கீடு அன்று. கையால் ஆட்டிய மாவின் சுவை இனி வாராது என்று வருந்துவோர் இன்றும் உளர். அவருள் பலர் உண்டவரே அன்றி ஆட்டியவர் அல்லர். ஆட்டியவரைக் கேட்டால் தோள்பட்டையைத் தொட்டுக் காட்டியபின்னரே சுவையைப் பற்றிப் பேசுவர்.

கல்லை நம்பி வாழ்ந்த தொழிலாளி மற்றொருவரும் இருந்தார். நாள்தோறும் ஆட்டுவதால் குழியும் குழவியும் வழவழப்பாகிவிடும். வழவழப்பான கல்லில் உளுந்து வழுக்குமே அன்றி மசியாது. ஆகவே உளியும் சுத்தியலும் கொண்ட ஒருவர், “அம்மி கொத்தணுமா, ஆட்டுக்கல் கொத்தணுமா” என்று தெருத்தெருவாகக் கூவி வருவார். திண்ணையோரத்தில் அமர்ந்து, கல்லின் மேற்பரப்பில் நெருக்கமான புள்ளிகளைக் கொத்தித் தருவார். புதிதாகக் கொத்திய கல்லில் முதல் நாளே மாவாட்டினால் மணல் கடிபடும். ஆதலால் தவிட்டையோ பழைய அரிசியையோ இட்டு ஆட்டிக் கழுவிய பின்னரே அக்கல்லைப் பயன்படுத்துவர்.

இந்நிலையை மாற்றிய பொறி கோயம்புத்தூரில் தோன்றியது. அது அவ்வூரில் தோன்றியதற்குக் காரணம் உண்டு. நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியபின், கோவை வட்டாரத்துக்கு மின்னாற்றல் தாராளமாகக் கிடைத்தது. நூற்பாலைகள் பெருகின. கிணற்று நீரை இறைக்கும் பம்புகளும் மோட்டார்களும் அங்கேயே செய்யப்பட்டன. ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937-ஆம் ஆண்டில் உருவாக்கிய மோட்டார், இந்நாட்டில் முதன்முதல் செய்யப்பட்ட மின்மோட்டார்களுள் ஒன்று. வார்ப்படச் சாலைகளும் கடைசல் பட்டறைகளும் தெருவுக்குத் தெரு இருந்த ஊர் அது. வெண்ணெய்க்குப் பெயர்பெற்ற ஊத்துக்குளிப் பகுதியில் பொறிக்கேற்ற கருங்கல்லும் கிடைத்தது. இரும்பு, மின்னாற்றல், கல், கைத்திறன் என்னும் நான்கும் ஒரே வட்டாரத்தில் கூடியிருந்தன. 1955-ஆம் ஆண்டில் அவ்வூரினரான பி. சபாபதி என்பவர் மின்னாற்றலால் மாவாட்டும் பொறியைச் செய்தார். ‘வெட் கிரைண்டர்’ என்றும் சுருக்கமாகக் ‘கிரைண்டர்’ என்றும் மக்கள் வழங்குவது இதன் வழிவந்த பொறியையே.

இப்பொறியின் நுட்பம் எதில் உள்ளது என்பதை நின்று நோக்கவேண்டும். பழைய ஆட்டுக்கல்லில் அடிக்கல் அசையாது, குழவி சுழலும். புதிய பொறியிலோ குழவி தன் இடத்தை விட்டு அகலாது, அடிக்கல் சுழலும். இவ்வொரு மாற்றத்தால் வேலை தலைகீழாயிற்று. மனிதக் கை மேலிருந்து இயங்குவது. கனத்த அடிக்கல்லை அது சுழற்ற இயலாது. மோட்டாரோ அடியில் அமர்வது. வாரினால் அடிக்கல்லைச் சுழற்றுவது அதற்கு எளிது. கையைப்போல் குழவியைப் பற்றிச் சுற்றும் இரும்புக் கையொன்றைச் செய்ய முயன்றிருந்தால், அது சிக்கலானதும் விரைவில் பழுதாவதுமான பொறியாக முடிந்திருக்கும். மனிதர் செய்வதை அப்படியே பின்பற்றாமல், செய்யவேண்டியது யாது என்று மட்டும் எண்ணியதாலேயே பொறி எளிமையாயிற்று. ஓரத்தில் ஏறும் மாவை உள்ளே தள்ள ஒரு பலகை பொருத்தப்பட்டது. நசுங்கும் விரலுக்கு அங்கு வேலையில்லை.

மாற்றாமல் விட்டவையும் உண்டு. கல்லை அவர்கள் மாற்றவில்லை. மெதுவான ஓட்டத்தையும் மாற்றவில்லை. மிக்சி என வழங்கும் பொறியில் எஃகுக் கத்திகள் நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழல்கின்றன. கத்தி உளுந்தை வெட்டும். கல் அதை நசுக்கித் தேய்க்கும். விரைந்து வெட்டுகையில் மாவு சூடேறும். சூடேறிய மாவு நன்றாகப் புளிப்பதில்லை. கிரைண்டரின் கல்லோ நிமிடத்துக்கு நூறு, நூற்றைம்பது முறை அளவே சுழலும். மாவு குளிர்ந்தே இருக்கும், காற்றையும் வாங்கிக்கொள்ளும். மக்கள் நாவும் இவ்வேறுபாட்டை அறிந்தே பேசுகின்றது. மிக்சியில் சட்டினியை ‘அடிப்பர்’. கிரைண்டரில் மாவை இன்றும் ‘ஆட்டுவர்’.

வீட்டுக்கிரைண்டர் ஒன்றின் மோட்டார் பெரும்பாலும் 150 வாட் அளவினது. உடல்வலியுள்ள ஒருவர் இடைவிடாது தரக்கூடிய ஆற்றல் ஏறத்தாழ 75 வாட். எனவே அப்பொறிக்குள் இருப்பது பூதம் அன்று, இருவரின் உடலாற்றலே. அது களைப்படையாது என்பதே வேறுபாடு.

இப்பொறி முதலில் உணவகங்களுக்கே சென்றது. அங்குக் கூலிக்கு மாவாட்டியோர் வேறு வேலை தேடினர். வீடுகளுக்கு அது பையப்பையவே வந்தது. தொடக்கத்தில் அது தரையில் நிற்கும் பெரும்பொறி. கழுவுவதற்குக் கல்லைத் தூக்கி வைக்கவே துணை வேண்டும். பின்னர் உருளைக்கற்கள் பொருத்திய சிறு பொறிகள் சமையல் மேடை மேல் ஏறின. கோயம்புத்தூர்க் கிரைண்டர் 2006-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. 2011-ஆம் ஆண்டில் தமிழக அரசு, குடும்ப அட்டையுடைய இல்லங்களுக்கு மிக்சி, மின்விசிறி ஆகியவற்றோடு கிரைண்டரையும் விலையின்றி வழங்கத் தொடங்கியது. அதுவரை வசதியுள்ளோரிடம் மட்டுமே இருந்த பொறி குடிசைக்குள்ளும் புகுந்தது.

ஆட்டி முடித்ததும் பொறியின் வேலை ஓய்கின்றது. இரண்டு மாவையும் உப்புச் சேர்த்துக் கையால் கலந்து, பாதியளவே நிரம்பிய பாத்திரத்தில் மூடி வைப்பர்; விடிவதற்குள் மாவு இருமடங்காகப் பொங்கும் என்பதே அதற்குக் காரணம். உளுந்தோடு வந்த நுண்ணுயிர்கள், லியூக்கோநாஸ்டாக் என்னும் இனத்தைச் சேர்ந்தவை அவற்றுள் முதன்மையானவை, மாவிலுள்ள சர்க்கரையை உண்டு அமிலத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடுகின்றன. அமிலத்தால் புளிப்பும், வாயுவால் உப்பலும் உண்டாகின்றன. உளுந்தின் புரதமும் அதன் கொழகொழப்பான பசையும் அவ்வாயுவை வெளியே விடாமல் பிடித்துக்கொள்கின்றன. அரிசி மாவுக்குத் தனித்து அத்திறன் இல்லை. கல்லில் நன்கு மசிந்து நுரைத்த உளுந்தே நன்றாகப் பிடிக்கும். நீரில் இட்ட சொட்டு மிதந்ததன் பொருள் இதுவே. வெயில் நாட்டில் எட்டு மணி நேரத்தில் பொங்கும் மாவு, உதகையின் மார்கழிக் குளிரில் விடிந்த பின்னும் அப்படியே கிடக்கும். அங்குள்ளோர் பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றி அடுப்பின் அருகே வைப்பர். இவ்விரவு வேலையை விரைவுபடுத்தும் விசை எந்தக் கிரைண்டரிலும் இல்லை.

பொறி மின்னாற்றலை நம்பி வாழ்வது. 2012-ஆம் ஆண்டு வாக்கில் தமிழ்நாட்டில் நாள்தோறும் பல மணி நேரம் மின்சாரம் தடைப்பட்டது. ஊறிய உளுந்து காத்திராது. கெட்ட வாடை வீசத் தொடங்கும். மின்சாரம் வரும் நேரத்தை அறிந்து நள்ளிரவில் எழுந்து மாவாட்டிய இல்லத்தரசியர் பலர். பழைய ஆட்டுக்கல்லைப் பெயர்த்தெறியாத வீடுகளில், மூதாட்டியர் மீண்டும் குழவியைப் பற்றினர். அவர்தம் பேத்தியர்க்கோ ஒரு கை சுற்ற, ஒரு கை தள்ளும் பழக்கம் இல்லை.

இன்று நகரங்களில் மாவாட்டும் வேலையே வீட்டை விட்டு வெளியேறி வருகின்றது. தெருமுனைக் கடையில் ஆட்டிய மாவு பையில் அடைத்து விற்கப்படுகின்றது. தம் வீட்டுக் கிரைண்டரைக்கொண்டே மாவு விற்றுக் குடும்பம் நடத்தும் பெண்களும் உளர். கொத்துபவரின் குரல் தெருக்களில் அருகிவிட்டது. ஆட்டுக்கற்கள் கொல்லைப்புறக் குழாயடியில் மழைநீர் தேங்கக் கிடக்கின்றன. அந்நீரைக் காக்கைகள் குடிக்கின்றன. குழவிகள் பல, கதவு காற்றில் அடித்துக்கொள்ளாதவாறு முட்டுக் கொடுக்கும் கற்களாக நிற்கின்றன.