ஆய்விதழும் மின்பதிப்பும்: தீவகத்து நிலைநின்று சில குறிப்புகள்

அறிவு உற்பத்தியின் சாதனங்கள் மாறும்போது அறிவின் உடைமை உறவுகளும் தாமாகவே மாறிவிடும் எனக் கருதுவது பொருந்தாது. மானிடவியற் புலங்களின் ஆய்விதழ்கள் தாளினின்று மின்வடிவத்துக்குப் பெயர்ந்துள்ள இன்றைய நிலையை ஆராயப் புகும் நாம் இதனை முதலிலேயே மனங்கொள்ளல் வேண்டும்.

ஈழத்துத் தமிழருக்கு இத்தகைய பெயர்ச்சி புதிதன்று. 1849 இல் ஆறுமுக நாவலர் தமிழகம் சென்று அச்சியந்திரம் வாங்கிவந்தார். சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையை அச்சேற்றினார். மடங்களிலும் குடும்பப் பெட்டகங்களிலும் கிடந்த ஏடு இவ்வாறு சந்தைக்கு வந்தது. பொதுமக்கள் கைக்கு எட்டும் பொருளாகவும், அதே வேளையில் விலைப்பண்டமாகவும் அது மாறிற்று. இவ்விருமையை அச்சுப் பண்பாடு கடைசிவரை தீர்க்கவில்லை. அச்சேறாத ஏடுகள் பல செல்லரித்தே போயின என்பதும் நினைவிலிருக்க வேண்டியது.

மேனாட்டில் மின்பதிப்பின் தொடக்கம் பெரும்பாலும் நூலகங்களின் இடநெருக்கடியோடும் சந்தா விலையேற்றத்தோடும் தொடர்புடையது. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக அச்சகத்தின் ‘புரொஜெக்ட் மியூஸ்’, பழைய இதழ்த் தொகுதிகளைப் பக்கப்படிமங்களாக்கிய ‘ஜேஸ்டோர்’ ஆகிய இரண்டும் 1995 ஆம் ஆண்டுக்குரியவை. இவற்றின் பயனை மறுப்பதற்கில்லை. ஆயினும் இங்கு ஒரு முரண்பாட்டைக் காண்கிறோம். அச்சில் ஒவ்வொரு பிரதிக்கும் தாளும் மையும் உழைப்பும் வேண்டும். மின்வடிவிலோ முதற்பிரதி உருவான பின் நூறாவது பிரதிக்கு ஏறத்தாழச் செலவே இல்லை. இயற்கையாக இல்லாத தட்டுப்பாட்டைக் கடவுச்சொல்லாலும் சந்தாவாலும் செயற்கையாக உண்டாக்கினாலன்றி அதனைப் பண்டமாக விற்க முடியாது. கட்டுரையை எழுதியவர் ஊதியம் பெறுவதில்லை. மதிப்பீடு செய்தவரும் பெறுவதில்லை. அவர்களது பல்கலைக்கழகமே பின்னர் அதனை விலைகொடுத்து வாங்குகிறது! உற்பத்தி ஆற்றல்களுக்கும் உற்பத்தி உறவுகளுக்கும் இடையிலான முரண் இத்துணைத் தெளிவாகப் புலப்படும் துறை வேறு அதிகமில்லை.

2002 இல் வெளியான புடாபெஸ்ட் திறந்த அணுக்கப் பிரகடனம் இதற்கெதிரான குரலாகும். பின்னர் பெருநிறுவனங்கள் அதனையும் தமக்கேற்ப வளைத்துக்கொண்டன. வாசகனிடம் வாங்காத பணத்தை எழுதுபவனிடம் வாங்கும் முறை வந்தது. ஆய்வு மானியம் பெருமளவு உள்ள மருத்துவத்துக்கு அது தாங்கும். இலக்கியத்துக்கும் வரலாற்றுக்கும் தாங்காது. இதனாலேயே 2015 இல் தொடங்கிய ‘மானிடவியல் திறந்த நூலகம்’ நூலகங்களின் கூட்டுப் பங்களிப்பால் இதழ்களை நடத்துகிறது. எழுதுபவரும் செலுத்துவதில்லை, படிப்பவரும் செலுத்துவதில்லை.

இனி நம்மிடம் வருவோம். நாரந்தனைக்கு அயலூரான கரம்பொனில் 1913 இல் பிறந்தவர் தனிநாயகம் அடிகள். அவர் தொடக்கி வைத்து ஆங்கிலத்தில் 1952 முதல் 1966 வரை வெளிவந்த ‘தமிழ்க் கலாசாரம்’ தமிழியலை உலக அரங்கில் நிறுத்திய ஆய்விதழ். அதன் முழுத் தொகுதி தீவகத்தில் எத்தனை வீடுகளில், எத்தனை பாடசாலைகளில் இருந்திருக்கும்? இருந்தவையும் 1990 களின் தொடக்கத்து இடப்பெயர்வுகளைத் தாண்டியிருத்தல் அரிது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவர்கள் சஞ்சிகைக் கட்டுகளைச் சுமந்து செல்வதில்லை. அதற்கு முன்பே, 1981 மே 31 இரவு மூட்டப்பட்ட தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் வேறெங்கும் பிரதியில்லாதவையும் இருந்தன. ஓரிடத்திலேயே வைக்கப்பட்ட அறிவு ஓரிரவில் அழியத்தக்கது என்பதை இதனினும் கொடிதாக எவரும் நமக்குக் கற்பித்திருக்க முடியாது.

2005 இல் தன்னார்வலர்களால் தொடங்கப்பெற்ற ‘நூலகம்’ எண்ணிமத் திட்டத்தை இப்பின்னணியில் வைத்தே மதிப்பிட வேண்டும். பேராதனைத் தமிழ்ச் சங்கத்தின் ‘இளங்கதிர்’ உள்ளிட்ட ஈழத்து இதழ்கள் பலவற்றை இன்று நாரந்தனையிலிருந்தும் நோர்வேயிலிருந்தும் ஒரே வேளையில், கட்டணமின்றிப் படிக்க முடிகிறது. பெருமூலதனத்தின் துணையின்றி நடந்த காரியம் இது. நமது பல்கலைக்கழகங்கள் செய்திருக்க வேண்டிய பணியின் பெரும்பகுதியை அவற்றுக்கு வெளியே நின்றவர்கள் செய்தனர் என்பது நம் எண்ணம்.

ஆயின் படிமமாக்கல் வேறு, மின்பதிப்பு வேறு. ஒரு பக்கத்தைப் படம்பிடித்து வைத்தால் கண் படிக்கும்; கணினி படிக்காது. ‘கூத்து’ என்ற சொல் நாற்பதாண்டு இதழ்களில் எங்கெங்கு வருகிறது எனத் தேடும் ஆய்வாளனுக்கு அப்படம் ஊமையே. இதனினும் வியப்புக்குரியது, கணினியிலேயே தட்டச்சிடப்பெற்ற இதழ்களின் கதி. ஈழத்தில் நெடுங்காலம் வழங்கிய ‘பாமினி’ எழுத்துரு திரையில் தமிழாகத் தோன்றும். உள்ளே பதிவாகியிருப்பவையோ ஆங்கில எழுத்துகளும் குறிகளும். எழுத்துரு அகன்றால் தமிழும் அகன்றுவிடும். தமிழுக்கு ஒருங்குகுறியில் 1991 இலேயே இடம் கிடைத்திருந்தும், அச்சகங்களின் பழக்கம் காரணமாகப் பல ஆய்விதழ்கள் அதன் பின்னரும் நெடுங்காலம் பழைய முறையிலேயே கோக்கப்பட்டன. தாளில் அச்சிடுவது மட்டுமே இலக்காயிருந்தவரை அதில் குறையொன்றும் தெரியவில்லை.

மின்வடிவம் அழியாதது என்பதும் மயக்கமே. தொடக்ககாலத் தமிழ் வலைப்பக்கங்கள் பலவற்றுக்கு இடமளித்த ‘ஜியோசிற்றிஸ்’ 2009 இல் மூடப்பட்டது. இலாபம் தராததை ஒரு நிறுவனம் மூடிவிடுவதற்குத் தீ வேண்டியதில்லை.

எனவே, ஒரு தமிழ்ச் சங்க ஆய்விதழ் மின்பதிப்புக்குச் செல்லுமுன் தீர்மானிக்க வேண்டியவை சிலவுள. கட்டுரை ஒருங்குகுறியில் அமைதல் வேண்டும். பதிப்புரிமையை எழுதியவரே வைத்துக்கொண்டு, எவரும் படியெடுக்க அனுமதிக்க வேண்டும். இதழ் வெளிவந்த அன்றே அதன் பிரதிகள் வெவ்வேறு நாட்டிலுள்ள மூன்று களஞ்சியங்களிலேனும் சேர்க்கப்பட வேண்டும். அச்சுப் பிரதியை முற்றாகக் கைவிடுதலும் தகாது. ஐம்பது பிரதிகளேனும் அச்சாகட்டும். அவற்றுள் ஒன்று பண்ணைப் பாலத்தைக் கடந்து தீவகத்துப் பாடசாலையொன்றின் நூலகத்துக்கும் வரட்டும்.