ஸ்பிரிங்கை வெட்டி காரை இறக்கினா வளைவுல பறக்குமா? உண்மை என்ன?

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூருக்கு சற்று முன்னால் ஹூண்டாய் ஆலை இருக்கும் அதே இருங்காட்டுக்கோட்டையில்தான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் ரேஸ் டிராக்கும் இருக்கிறது. 1990-ல் திறந்தது, ஒரு சுற்று சுமார் 3.7 கி.மீ. அங்கே தரையை உரசிக்கொண்டு ஓடும் கார்களைப் பார்த்துவிட்டு, "நம்ம காரையும் இறக்கிடலாமே" என்று மெக்கானிக்கிடம் போகிறவர்கள் உண்டு.

இறக்கினால் என்ன லாபம்?

வளைவில் காரின் எடை வெளிப்பக்க டயர்களுக்குப் போகும். அவற்றுக்குக் கூடும் கிரிப்பை விட உள்பக்க டயர்கள் இழக்கும் கிரிப்தான் அதிகம். கார் தாழ்ந்தால் இப்படி மாறும் எடை குறையும்.

ஒரு கணக்கு: 1,200 கிலோ கார், இடது வலது சக்கரங்களுக்கு இடையே 1.5 மீட்டர், எடை மையம் 50 செ.மீ. உயரத்தில். எடையில் 80% அளவு பக்கவாட்டு விசையோடு திரும்பினால் 320 கிலோ வெளிப்பக்கம் மாறும். 3 செ.மீ. இறக்கினால்? 301 கிலோ. வெறும் 19 கிலோதான் மிச்சம்! ரேஸில் இதுவும் பெரிசு. ஆனால் ஓட்டும்போது கை உணரும் 'ஷார்ப்'பான மாற்றம் பெரும்பாலும் கடினமான ஸ்பிரிங், அதற்குப் பொருந்தும் ஷாக் அப்சார்பர், சரியான வீல் அலைன்மென்ட் தருவது.

சிக்கல் எங்கே?

நம்மூர் கார்களில் முன்பக்கம் பெரும்பாலும் மேக்பெர்சன் ஸ்ட்ரட். ரொம்ப இறக்கினால், கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது காரை விட வேகமாக கீழே போய்விடும். விளைவு, கார் தாழ்ந்தும் சாய்வு கூடலாம். ஸ்பிரிங்கை மட்டும் வெட்டினால் இன்னொரு ஆபத்து: பழைய ஷாக் அப்சார்பரில் அமுங்க இடம் இருக்காது. வளைவின் நடுவில் பம்ப் ஸ்டாப்பில் முட்டும், அந்த நொடியே டயர் பிடி விடும்.

சரி, ரோட்டுல?

ஸ்பீடு பிரேக்கர் 10 செ.மீ. உயரம் என்பது விதி. ஒரகடம் பக்கம் ஓட்டுகிறவர்களுக்கு நிஜம் தெரியும். சட்டமும் இருக்கிறது: மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, உற்பத்தியாளர் தந்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது. 2019 திருத்தப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ரேஸ் கார்கள் லாரியில் ஏறி டிராக்குக்கு வருவது சும்மா இல்லை.

வாரக் கடைசியில் டிராக்கில் ஓட்டிப் பார்க்கத்தான் ஆசை என்றால், முதல் செலவை நல்ல டயருக்கும் பிரேக் பேடுக்கும் வையுங்க. ஸ்பிரிங் அப்புறம்.