பாவத்துக்கும் அறத்துக்கும் இடையே ஒரு சந்து

எருசலேம் மலைமேல் அமைந்த நகரம். கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 750 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. எரிகோவோ சாக்கடலை அடுத்த பள்ளத்தாக்கில், கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 250 மீட்டர் கீழே கிடக்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவு முப்பது கிலோமீட்டருக்கும் குறைவு. அதற்குள் ஆயிரம் மீட்டர் இறங்கும் பழைய பாதை, யூதேயப் பாலையின் வறண்ட பாறைகளுக்கிடையே வளைந்து வளைந்து செல்கிறது. கள்வர் பதுங்குவதற்கென்றே அமைந்தது போன்ற வழி. லூக்கா நற்செய்தியில் இயேசு சொன்ன நல்ல சமாரியர் உவமை நிகழும் களம் இதுவே. அடிபட்டுக் குற்றுயிராய்க் கிடந்தவனைக் கண்டு குரு ஒருவர் விலகிப் போனார். லேவியர் ஒருவரும் விலகிப் போனார். யூதர் இழிவாகக் கருதிய இனத்தைச் சேர்ந்த சமாரியர் நின்றார். காயங்களைக் கட்டினார், சாவடிக்குக் கொண்டுசென்றார், செலவையும் ஏற்றார்.

இவ்வுவமையில் என்னை நெடுநேரம் நிறுத்துவது சமாரியரின் இரக்கம் அன்று. மற்ற இருவரின் நடை. அவர்கள் யாரையும் அடிக்கவில்லை, எதையும் களவாடவில்லை. நடந்து போனார்கள், அவ்வளவே. ஆயினும் கிறித்தவ நம்பிக்கை அந்த நடையைக் குற்றமற்றதாகக் கொள்வதில்லை. மத்தேயு நற்செய்தி காட்டும் இறுதித் தீர்ப்பில் இடப்பக்கம் நிறுத்தப்படுவோர்மீது விழும் பழி, அவர்கள் இழைத்த கொடுமைகளைப் பற்றியதன்று. பசித்தவருக்கு உணவு கொடாமையையும் நோயுற்றவரைச் சென்று பாராமையையும் பற்றியது. நன்மை இன்னதென அறிந்தும் செய்யாதிருப்பதைப் பாவம் என்றே வகுக்கிறது யாக்கோபின் திருமுகம். கத்தோலிக்கத் திருப்பலியின் தொடக்கத்தில் மக்கள் சொல்லும் பாவ அறிக்கையும், எண்ணம், சொல், செயல் ஆகியவற்றோடு கடமையில் தவறியதையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறது.

அப்படியானால், அறத்தை அறிந்தவர் அதைச் செய்யாமல் கடந்து போவது ஏன்? விரும்பும் நன்மையைச் செய்ய இயலாத தம் நிலையை நினைந்து பவுலே கலங்கினார். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கேள்வி பெரும் பூசலாக எழுந்தது. மனிதன் தன் விருப்பாற்றலால் அறவழியைத் தேர்ந்து நடக்க வல்லவன் என்றார் பெலாஜியு. இறையருள் இன்றி அந்த விருப்பமே அறத்தின்பால் திரும்பாது என்றார் அகுஸ்தினார். 418இல் கார்த்தேசில் கூடிய ஆயர்கள் பெலாஜியுவின் கொள்கையைத் தள்ளினர். அருளை அளக்கும் கருவி எவரிடமும் இல்லை. அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல அறிவியலுக்கு உரிமையும் இல்லை. ஆனால் ஒருவர் நிற்பதற்கும் கடப்பதற்கும் இடைப்பட்ட அந்தச் சில நொடிகளைச் சுற்றி என்ன நிகழ்கிறது என்று அது பார்க்கலாம். பார்த்தும் இருக்கிறது.

அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், 1970ஆம் ஆண்டு திசம்பர்க் குளிரில், ஜான் டார்லி என்னும் உளவியலாளரும் அவரிடம் பயின்ற டேனியல் பேட்சனும் எரிகோ வழியை மீண்டும் அமைத்தனர். அவர்கள் தேர்ந்தவர்கள் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியின் மாணவர்கள். திருப்பணிக்கெனத் தம்மை ஆயத்தம் செய்துகொண்டிருந்தவர்கள். ஒவ்வொருவரும் ஒரு கட்டடத்தில் தலைப்பைப் பெற்று, அடுத்த கட்டடத்துக்கு நடந்து சென்று, சில மணித்துளிகள் உரையாற்ற வேண்டும். சிலருக்குக் கொடுத்த தலைப்பு, இறையியல் பயின்றோர்க்கு ஏற்ற பணிகள் எவை என்பது. மற்றவர்களுக்கு அந்த நல்ல சமாரியர் உவமையே தலைப்பு. புறப்படும்போது ஒரு சாராரிடம், நேரமாகிவிட்டது, அங்கே உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள் என்று சொல்லி விரட்டினர். இன்னொரு சாராரிடம், எல்லாம் ஆயத்தம், உடனே போகலாம் என்றனர். மூன்றாம் சாராரிடம், இன்னும் சற்று நேரம் இருக்கிறது, ஆனாலும் இப்போதே நடக்கலாம் என்றனர்.

இரு கட்டடங்களுக்கும் இடையே ஒரு சந்து. அங்கே ஒரு வாயிலோரம் ஒருவர் தலை கவிழ்ந்து, கண்மூடி, அசையாமல் சரிந்து கிடந்தார். மாணவர் அருகே வரும்போது இருமுறை இருமினார், முனகினார். யாரேனும் நின்று கேட்டால், தமக்கு மூச்சுக்கோளாறு என்றும், மாத்திரை போட்டுக்கொண்டதாகவும், சற்று இளைப்பாறினால் சரியாகிவிடும் என்றும் சொல்ல அவருக்குப் பயிற்சி தந்திருந்தனர்.

1973இல் வெளியான முடிவு இது. கணக்கில் கொண்ட நாற்பது பேரில் ஏதேனும் ஒரு வகையில் உதவியவர்கள் பதினாறு பேர். நேரம் மிகுதியாக இருந்தோரில் 63 விழுக்காட்டினர் உதவினர். நடுத்தர விரைவில் சென்றோரில் 45 விழுக்காட்டினர். விரட்டப்பட்டோரில் 10 விழுக்காட்டினர் மட்டுமே. அவரவர் சமயப் பற்றின் தன்மையை முன்கூட்டியே வினாத்தாள்களால் அளந்திருந்தனர். யார் நிற்பார், யார் கடப்பார் என்பதை அந்த அளவீடுகள் முன்னுணர்த்தவில்லை. சமாரியர் உவமையைப் பற்றிப் பேசுவதற்கென்றே விரைந்த சிலர், கிடந்தவரைத் தாண்டிக் கால் வைத்துச் சென்றதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்தனர்.

உவமையை நெஞ்சில் சுமந்தவர்களுள் 53 விழுக்காட்டினரும், மற்றத் தலைப்பினருள் 29 விழுக்காட்டினரும் உதவியிருந்தனர். எண்ணிக்கை சிறியதாகையால் இவ்வேறுபாட்டை உறுதியானதாகக் கொள்ள இயலாது என்றனர் ஆய்வாளர்கள். உவமைக்குப் பயனே இல்லை என்று அதனால் முடித்துவிடவும் கூடாது என 1975இல் மறுத்தார் உளவியலாளர் ஆந்தனி கிரீன்வால்டு. அந்த மறுப்பில் நியாயம் உண்டு. ஒரே கல்லூரியில் நாற்பது மாணவர்களை வைத்து மனித இயல்பு முழுவதையும் அளந்துவிட முடியாது.

ஆயினும் ஆய்வாளர்கள் கண்ட ஒன்று மறுக்க இயலாதது. கடந்து சென்றவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். உரையாற்ற வந்து சேர்ந்தபோது அவர்களுள் பலர் கலங்கியும் பதறியும் இருந்தனர். ஒருபுறம் தமக்காகக் காத்திருக்கும் ஆய்வாளர். மறுபுறம் சந்தில் கிடந்தவர். இரு கடமைகளுக்கிடையே சிக்கியவர்கள், முதலில் ஒப்புக்கொண்ட கடமையின் பின்னே போனார்கள். விரைவு சிலருடைய பார்வையையே சுருக்கிவிட்டது; கிடந்தவரை உதவி வேண்டி நிற்கும் ஒருவராக உணர்வதற்குக்கூட அவர்களுக்கு இடம் தரவில்லை.

இதைக் கொண்டு, சூழல்தான் எல்லாம், பாவம் என்ற பேச்சே வீண் என வாதிடுவோர் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. விரட்டப்பட்டவர்களுள்ளும் நின்றவர் உண்டு. நேரம் இருந்தவர்களுள்ளும் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் நிற்கவில்லை. சூழல் வழியைச் சரிவாக்குகிறது. அந்தச் சரிவிலும் கால் ஊன்றி நிற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அவர்கள் எப்படி நிற்கிறார்கள்? யேல் பல்கலைக்கழகத்தில் 1961இல் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய கீழ்ப்படிதல் ஆய்வு இங்கே உதவும். அடுத்த அறையிலிருந்த ஒருவருக்கு மின்னதிர்ச்சி தருவதாக நம்பவைக்கப்பட்ட நாற்பது பேரில் 26 பேர், ஆய்வாளர் சொல்லுக்குப் பணிந்து, இறுதி அளவான 450 வோல்ட் வரை சென்றனர். அவ்வாய்வு வரிசையில் மறுத்தவர்களுள் பழைய ஏற்பாட்டைக் கற்பிக்கும் பேராசிரியர் ஒருவரும் இருந்தார். 150 வோல்ட்டில், அடுத்த அறையிலிருந்தவர் தம்மை விட்டுவிடும்படி கேட்டதும், அவர் நிறுத்திக்கொண்டார். இறைவனே முடிவான தலைவர் என்று கொண்டவருக்கு மனிதரின் அதிகாரம் சிறுத்துப்போகும் என்பது அவர் பின்னர்த் தந்த விளக்கத்தின் சாரம். யாருடைய சொல் மேலானது என்ற கேள்விக்கு அவர் அந்த அறைக்குள் நுழையும் முன்பே விடை கண்டிருந்தார்.

பீட்டர் கோல்விட்சர் என்னும் செருமானிய உளவியலாளரின் ஆய்வுகளும் இத்திசையையே காட்டுகின்றன. நல்லது செய்ய வேண்டும் என்ற பொதுவான எண்ணம் எளிதில் நழுவிவிடுகிறது. இன்ன இடத்தில், இன்னது நேர்ந்தால், இதைச் செய்வேன் என்று முன்னரே வரையறுத்த எண்ணம் பெரும்பாலும் நிறைவேறுகிறது. கிறித்துமசு விடுமுறையில் ஓர் அறிக்கை எழுத ஒப்புக்கொண்ட மாணவர்களுள், எப்போது, எங்கே எழுதுவோம் என்று குறித்துவைத்தவர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் எழுதி முடித்தனர். குறிக்காதவர்களில் முடித்தவர் மூன்றில் ஒரு பங்கினரே.

திருச்சபைக்கு இது புதிய செய்தி அன்று. ஒவ்வொரு நாளும் தன் செயல்களைத் திரும்பிப் பார்த்து, வழுக்கிய இடத்தைக் குறித்து, மறுநாளுக்கு உறுதி கொள்ளும் ஆன்ம ஆய்வை இலொயோலா இஞ்ஞாசியார் பதினாறாம் நூற்றாண்டிலேயே முறைப்படுத்தினார். பாவத்துக்கும் அறத்துக்கும் இடையிலான தேர்வு, சந்தில் கிடப்பவரின் முன் தொடங்குவதில்லை. அன்றைய பொழுதை எதனால் நிரப்பினோம் என்பதிலேயே பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. தன் ஊழியரை மணிக்கொரு கூட்டத்துக்கு ஓட்டும் திருச்சபை, எரிகோ வழியில் புதிய குருக்களையும் புதிய லேவியர்களையும் ஓட்டிக்கொண்டிருக்கிறது என்பதே என் கருத்து.

ஞாயிறு வகுப்புகளில் இவ்வுவமையைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். குருவும் லேவியரும் கெட்டவர்கள் என்று சொல்லிப் பாடத்தை முடித்துவிடாதீர்கள். தேர்வுக்கு மணி அடிக்கும் நேரத்தில், பள்ளிக்குப் போகும் வழியில் ஒருவர் விழுந்து கிடந்தால் யாரை அழைப்பாய், யாரிடம் சொல்வாய், அதுவரை எங்கே நிற்பாய் என்று ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள்.