ஞாயிற்றுக்கிழமை நடை

இங்கிலாந்தில் டெர்பிஷயர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் என் மகள் குடும்பத்தாருடன் சில திங்கள் தங்கியிருந்தேன். ஞாயிறுதோறும் கட்டுச்சோற்றுடன் அனைவரும் நடக்கப் புறப்படுவோம். வேலியிலுள்ள ஏறுபடியைக் கடந்தால் பிறருடைய கோதுமை வயல்! நான் தயங்கி நின்றபோது, "இந்தக் குறி இருக்கும் வழியில் யாரும் போகலாம், தாத்தா" என்று பேரன் கம்பத்திலிருந்த மஞ்சள் அம்பைக் காட்டினான். நிலம் உழவருடையது, அதனூடே செல்லும் ஒற்றையடிப் பாதையில் நடக்கும் உரிமையோ பொதுமக்களுடையது. விதைப்பதற்காகப் பாதையை உழுதால், 14 நாட்களுக்குள் அதனைச் சீர்செய்து தருதல் வேண்டும் என்பது சட்டம்.

அம்மாவட்டத்துக் கிண்டர் ஸ்கவுட் என்னும் மேட்டுநிலத்தில் முன்னாளில் இத்தகைய உரிமை இல்லை. பறவை வேட்டைக்கென்று செல்வர் அதனைக் காவலிட்டு வைத்திருந்தனர். மான்செஸ்டர் தொழிலாளருக்கோ ஓய்வுநாள் ஞாயிறு ஒன்றே. 1932 ஏப்ரல் 24, ஞாயிறன்று, பென்னி ராத்மன் என்னும் 20 வயது இளைஞரின் தலைமையில் சில நூறு பேர் தடையை மீறி ஏறினர். காவற்காரருடன் கைகலப்பு நேர்ந்தது. ராத்மன் உட்பட ஐவர் சிறை சென்றனர்.

1951-இல் அப்பகுதி, பீக் டிஸ்ட்ரிக்ட் என்ற பெயரில் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாயிற்று. திறந்த மேடுகளில் பாதையை விட்டு விலகியும் உலவலாம் என்ற சட்டம் 2000-ஆம் ஆண்டில்தான் பிறந்தது. அதன்பின்னரே, 2002-இல், ராத்மன் மறைந்தார்.