படிப்படியாகப் பயிலும் ஆடல்



புதுக்கோட்டையிலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் சித்தன்னவாசல் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே குன்றைக் குடைந்து அமைத்த சமணர் கோயிலுக்கு அறிவர் கோயில் என்று பெயர். அதன் முகப்புத் தூண்கள் இரண்டில் ஆடல் மகளிர் இருவரின் ஓவியங்கள் காணப்படுகின்றன. வண்ணம் பெரிதும் மங்கிவிட்டது. எனினும், இடக்கை யானையின் துதிக்கைபோல் நீண்டு வளைந்திருக்கும் ஒயிலும், இடை ஒசிந்து நிற்கும் நிலையும் இன்றும் புலனாகின்றன. கி.பி. 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில் இக்கோயிலைப் புதுக்கியவன் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பதை அங்குள்ள கல்வெட்டுக் கூறுகிறது.

நான் தலைமையாசிரியனாக இருந்த நாளில் மாணவியர் சிலரை அங்கு அழைத்துச் சென்றேன். அவர்களுள் ஒரு சிறுமி அத்தூணின் எதிரே அந்த ஓவியத்தைப்போலவே நிற்க முயன்றாள். பத்து எண்ணுவதற்குள் தள்ளாடினாள். “ஐயா, எத்தனை நாள் பழகினால் இப்படி நிற்கலாம்?” என்று கேட்டாள். “நாட்கணக்கன்று, அம்மா, ஆண்டுக்கணக்கு” என்றேன். அந்த விடையைச் சற்று விரித்துரைப்பதே இன்றைய பேச்சு.

இக்கணக்கு நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்து மாதவி ஐந்தாம் ஆண்டில் தொடங்கி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் ஆண்டில் சோழன் அவையில் அரங்கேறினாள். ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகிய அறுவரின் இலக்கணத்தையும் இளங்கோவடிகள் வகுத்துரைக்கிறார். ஒரு பெண்ணின் ஆடலுக்குப் பின்னே அத்தனை பேர் உழைப்பு இருந்தது.

இன்றைய பரதநாட்டியப் பயிற்சியின் படிகளைப் பார்ப்போம். முதற்படி அரைமண்டி. முதுகை நிமிர்த்தி, முழங்கால்களைப் பக்கவாட்டில் விரித்து, பாதி அமர்ந்த நிலையில் நிற்றல். இந்நிலையில் நின்று பாதத்தால் தரையைத் தட்டுவது தட்டடவு. அடுத்து, காலை நீட்டிக் குதிகாலை ஊன்றும் நாட்டடவு வரும். பின்னர்த் தட்டுமெட்டு, குதித்துமெட்டு, மண்டியடவு, தீர்மானம் எனத் தொடரும். ஒவ்வோர் அடவையும் ஆசிரியர் தட்டுக்கழியால் தாளம் காட்ட, மூன்று காலங்களில் ஆடிப் பழக வேண்டும். முதற்காலத்தில் சரியாக வராத அடவு மூன்றாங்காலத்தில் ஒருபோதும் சரியாக வராது. கூட்டல் அறியாத பிள்ளைக்குப் பெருக்கல் கற்பிக்க இயலாதது போன்றதே இதுவும்.

அடவுகள் அமைந்தபின் உருப்படிகள் தொடங்கும். அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்ற வரிசையை ஒழுங்குபடுத்தியவர்கள் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த தஞ்சை நால்வர்: சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு. அலாரிப்பில் கண், கழுத்து, தோள், கால் என உறுப்புகள் முறையே விழிக்கின்றன. ஜதிஸ்வரத்தில் சுரத்தோடு அடவுகள் இணைகின்றன. பொருளுக்கேற்ற அபிநயம் சப்தத்தில் தலைகாட்டுகிறது. ஆடலும் அபிநயமும் மாறிமாறி வரும் வர்ணம், நெடுநேரம் ஆடவல்ல உடலையும் பொருளுணர்ந்த உள்ளத்தையும் வேண்டுவது. இவ்வரிசை கச்சேரிக்கு மட்டும் ஏற்பட்டதன்று. கற்பிக்கும் முறைக்கும் இதுவே வழிகாட்டி.

மேலைநாட்டுப் பாலே நடனத்திலும் இத்தகைய படிமுறை உண்டு. பாத நிலைகள் ஐந்தைக் கற்று, கைப்பிடிக் கட்டையைப் பற்றி நின்று முழங்காலை மடக்கி நிமிர்த்தும் பயிற்சியில் குழந்தைகள் தொடங்குகின்றனர். கால்விரல் நுனியில் நின்று ஆடுவதைப் பொறுப்புள்ள ஆசிரியர்கள் பெரும்பாலும் 11, 12 வயதுக்கு முன்னர் அனுமதிப்பதில்லை. அவ்வயதிலும் பல ஆண்டுப் பயிற்சியும் கணுக்கால் வலிமையும் உண்டா என்று பார்த்தே இசைவர். பாத எலும்புகள் முற்றாமுன் முழு உடற்பாரத்தையும் நுனிவிரல்களில் சுமத்தினால் ஊறு நேரும் என்பதே காரணம்.

இவ்விரு கலைகளையும் பயின்றவர் ருக்மிணி தேவி அருண்டேல். புகழ்பெற்ற பாலே நடனமணி அன்னா பாவ்லோவாவின் நட்பால் முதலில் பாலே பயின்றார். பின்னர்த் தஞ்சை நால்வர் மரபில் வந்த பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் நம் நாட்டு ஆடலைக் கற்றார். 1936இல் சென்னை அடையாற்றில் கலாக்ஷேத்திரத்தை நிறுவினார்.

முன்னாளில் இக்கலை சில குடும்பத்துப் பெண்களுக்கே உரியதாய், கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தோடு பிணைந்து கிடந்தது. சிறுமியின் விருப்பத்தை யாரும் கேட்டதில்லை. 1947ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வழக்கத்தைத் தடுத்தது. ஆயினும் அப்பெண்களே கலையைக் காத்தவர்கள். நம் மாவட்டத்து விறலிமலையில் சதிராடிய முத்துக்கண்ணம்மாளுக்கு 2022இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. இன்று எக்குடிப் பிள்ளையும், ஆணாயினும் பெண்ணாயினும், விரும்பினால் இக்கலையைப் பயிலலாம். மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் மூன்றாண்டுப் பயிற்சி உண்டு. சிறுவர்க்கு ஜவகர் சிறுவர் மன்றங்களும் உள்ளன.

இனி, என் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஓராண்டு எங்கள் பள்ளி விழாவுக்கு மூன்றே வாரம் இருந்தது. ஆடலில் ஆர்வங்கொண்ட ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியை மேடையேற்ற விரும்பினேன். அடவு கற்க நேரமில்லை. உருப்படியை மட்டும் மனப்பாடம் செய்வித்தோம். சிமிட்டித் தரையில் காலையும் மாலையும் பயிற்சி நடந்தது. விழாவில் கைதட்டல் வானைப் பிளந்தது. மறுநாள் அவள் முழங்கால் வீங்கியிருந்தது. வீக்கம் வடிந்தபின்னும் அவள் ஆடலின் பக்கம் திரும்பவில்லை.

காரணத்தைப் பின்னரே அறிந்தேன். அரைமண்டியில் கால் இடுப்பு மூட்டிலிருந்து வெளிநோக்கித் திரும்ப வேண்டும். இடுப்பு பழகாத பிள்ளை பாதத்தை மட்டும் திருப்புவாள். நடுவில் உள்ள முழங்கால் முறுக்குண்ணும். அந்நிலையில் கடுந்தரையை ஓங்கித் தட்டினால் நோவு வாராமல் இருக்குமா? ‘வலிக்கிறது’ என்று அவள் ஒருமுறை சொன்னாள். விழாவை எண்ணிய என் செவியில் அது ஏறவில்லை.

ஆதலின், மாணவர்களே, அரங்கேற்றம் எப்போது என்பதை முதற்கேள்வி ஆக்காதீர்கள். இன்று அரைமண்டி சரியாக அமைந்ததா என்று கேளுங்கள். வலித்தால் ஆசிரியரிடம் தயங்காமல் கூறுங்கள். பெற்றோரும் ஆசிரியரும் அச்சொல்லுக்குச் செவிசாய்ப்பார்களாக. சித்தன்னவாசலுக்குச் சென்றால் அத்தூண்களின் முன் சற்று நேரம் நில்லுங்கள். அந்த எளிமையான நிற்றலுக்குப் பின்னே எத்தனை ஆண்டுப் பயிற்சி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.