அளவு நோட்டின் கடைசிப் பக்கம்

என் தாய்மாமா தையல்காரர். இடது விலாவுக்குக் கீழே கல்லைக் கட்டினாற்போல ஒரு பாரம், நாலு இட்லி சாப்பிடுகிறவருக்கு ஒன்றிலேயே வயிறு நிறைந்துவிடுகிறது என்று டாக்டரிடம் போனார். வெள்ளையணு இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தது; இருக்க வேண்டியது 4,000 முதல் 11,000 வரை. விலாவுக்குக் கீழே கனத்தது வீங்கிய மண்ணீரல். நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய் என்றார்கள். ஆஸ்பத்திரிப் பேச்சில் சி.எம்.எல்.

“தினமும் ஒரு மாத்திரை. சுகர்காரங்க மாதிரி இருந்துக்கலாம்” என்றார் மதுரை டாக்டர். வீட்டைத் தூக்கி நிறுத்தியது அந்தப் பேச்சுதான். பிறகு ஒவ்வொரு சறுக்கலிலும் எங்களை நிலைகுலைய வைத்ததும் அதுவே.

டாக்டர் சொன்னது பொய்யில்லை. 1960-இல் பிலடெல்பியாவில் நோவெல், ஹங்கர்ஃபோர்டு என்ற இருவர் இந்த நோயாளிகளின் செல்களில் ஒரு குட்டைக் குரோமோசோமைக் கண்டார்கள். 9-ஆம் குரோமோசோமும் 22-ஆம் குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொண்டதன் விளைவு அது என்று 1973-இல் ஜேனட் ரௌலி கண்டுபிடித்தார். அந்தக் கோளாறால் உருவாகும் புரதத்தைக் குறிவைத்து அடக்கும் இமாட்டினிப் மாத்திரைக்கு 2001-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மாதம் சுமார் 1,20,000 ரூபாய் விலை வைத்திருந்த நிறுவனத்தின் காப்புரிமைக் கோரிக்கையை, 2013 ஏப்ரல் 1 அன்று நம் உச்ச நீதிமன்றம் நிராகரித்தது. இந்தியக் கம்பெனிகளின் மலிவான மாத்திரை தையல்காரர் கைக்கும் எட்டியது. ஆனால் மாத்திரை கைக்கு வந்தாலும், வழி நேராக இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

முதல் சறுக்கல்

ஏழாவது வாரம் ஊசி குத்திய விரலில் ரத்தம் நிற்கவில்லை. முழங்கையில் காரணமில்லாமல் கன்றிப்போன திட்டுகள். தட்டணுக்கள் 38,000-க்கு இறங்கியிருந்தன. குறைந்தது ஒன்றரை லட்சம் இருக்க வேண்டும். “மாத்திரையை நிறுத்துங்க” என்றார் டாக்டர். “அப்ப மருந்து கேக்கலையா சார்?” என்று அத்தை அழுதுவிட்டார்.

உண்மை நேர்மாறானது. எலும்பு மஜ்ஜையின் பெரும்பகுதியை நோய்ச் செல்கள் பிடித்துவைத்திருந்தன. மருந்து அவற்றை அழிக்கிறது. ஓரத்தில் ஒடுங்கிக் கிடந்த நல்ல செல்கள் தலையெடுக்க அவகாசம் வேண்டும். அந்த இடைவெளியில் எல்லா அணுக்களும் சரியக்கூடும். தட்டணு 50,000-க்குக் கீழே போனால் மாத்திரையை நிறுத்திவைத்து, 75,000-ஐத் தொட்டதும் மீண்டும் தொடங்குவது வழக்கமான நடைமுறை. வெள்ளையணு குறைந்திருக்கும் அந்த நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

மாமா இதைத் தன் பாஷையில் புரிந்துகொண்டார். “ஆல்ட்ரேஷன் மாதிரிதான் மாப்ள. பழைய தையலைப் பிரிச்சுப் போட்ட நேரத்துல பாத்தா சட்டை கந்தலாத்தான் தெரியும்.”

இரண்டாவது சறுக்கல்

இரண்டு வருஷம் நன்றாகப் போயிற்று. காலையில் கண் இமைகள் உப்பிக்கொள்ளும், முகம் கொஞ்சம் வெளுத்தது; அதெல்லாம் பழகிவிட்டது. இந்த நோயில் எல்லாரும் பார்த்துக் காத்திருப்பது, ரத்தத்தில் நோய் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று காட்டும் பி.சி.ஆர். எண்ணைத்தான். ஒரு வருஷத்தில் அது 0.1 சதவீதத்துக்குக் கீழே இறங்க வேண்டும், மாமாவுக்கு இறங்கியிருந்தது. திடீரென்று 0.8 என்று வந்தது.

“மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களா?”

“ஒரு நாள்கூட விடல சார்.”

அத்தைதான் வாயைத் திறந்தார். தீபாவளி நேரம், கடை நிறையத் துணி. ராத்திரியானால் கெண்டைக்காலில் குரக்களி. மறுநாள் மிஷினை மிதிக்க முடியவில்லை. மாத்திரை போடாத நாளில் கால் லேசாக இருந்ததால், வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் யாரிடமும் சொல்லாமல் விட்டிருக்கிறார்.

மாதத்துக்கு மூன்று மாத்திரைக்கு மேல் தவறவிட்டவர்களுக்கு நோய் ஆழமாக அடங்கும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது என்று 2010-இல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்று காட்டியது. அதைவிட மோசமானது அந்த ‘ஒரு நாள்கூட விடல’. மாத்திரையைச் சரியாகப் போட்டும் எண் ஏறினால், மரபணு மாற்றம் வந்துவிட்டதா என்று தேட வேண்டும். டி315ஐ என்ற மாற்றம் வந்தால் வழக்கமான மாத்திரைகள் பல பலிக்காது. பொனாட்டினிப், அசிமினிப் என்று வேறு மருந்துக்குப் போக வேண்டியிருக்கும். தவறவிட்டதால் ஏறியிருந்தால், பெரும்பாலும் ஒழுங்காகப் போட்டு மறுபடி பார்ப்பதே போதும். இரண்டும் வேறு வேறு பாதை. நோயாளி மறைத்தால் டாக்டர் தவறான பாதையில் இறங்கிவிடுவார்.

டாக்டர் திட்டவில்லை. “கால் வலிக்குதுன்னு சொல்லியிருந்தா அதுக்கு வழி இருக்கே” என்றார். கால்சியம், மெக்னீசியம் அளவைப் பார்த்தார். மாத்திரையைச் சாப்பாட்டோடு, பெரிய டம்ளர் தண்ணீருடன் போடச் சொன்னார். தாங்கவே முடியாவிட்டால் மாற்று மருந்து உண்டு. அவற்றுக்கும் தனித் தொல்லைகள் உண்டு: டசாட்டினிப்பில் நுரையீரலைச் சுற்றி நீர் கோத்து மூச்சு வாங்கலாம்; நிலோட்டினிப்பை வெறும் வயிற்றில் போட வேண்டும், சர்க்கரையையும் ரத்தக் குழாய்களையும் கவனிக்க வேண்டும். குரக்களிக்கென்று கடையில் வாங்கும் வலி மாத்திரையோ நாட்டு மருந்தோ, டாக்டருக்குத் தெரியாமல் வேண்டாம்.

நோட்டு

ஆக, சறுக்கல் வருவது இந்த வைத்தியத்தில் அதிசயமில்லை. அதற்கு நாமே முடிவெடுத்து, மாத்திரையை நாமே நிறுத்தி, நாமே மறைப்பதுதான் ஆபத்து. நிறுத்துவதும் குறைப்பதும் மாற்றுவதும் டாக்டரின் வேலை. நடந்ததை நடந்தபடி சொல்வது நம் வேலை.

மாமா இப்போது வாடிக்கையாளர் அளவு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கங்களில் தன் கணக்கை எழுதுகிறார். ‘குரக்களி, இடது கால், ராத்திரி 2 மணி.’ ‘கண் வீக்கம், சாயங்காலம் வடிந்தது.’ மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு டிக். எண் மறுபடி 0.1-க்குக் கீழே வந்துவிட்டது.

போன முறை பரிசோதனைக்குக் கிளம்பும்போது நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். வரிசையாக டிக். நடுவில் ஒரு கட்டம் மட்டும் காலி. மகள் வளைகாப்பு நாள்.

“டிக் போட்டுட்டுப் போயிருக்கலாமே மாமா” என்றேன் கேலியாக.

“அளவைத் தப்பா எழுதினா சட்டை எப்படிப் பொருந்தும்?” என்று நோட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.